அந்த வாக்கியம் இல்லாத கோப்பு

காப்பீட்டு நிறுவனத்தை மாற்ற நினைப்பவர்கள், பழைய பாலிசி முடிய மூன்று வாரம் இருக்கும்போது அந்த வேலையைத் தொடங்குவது நல்லது. அதற்கு முன்னால் போனால் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். கடைசி நாளில் போய் நின்றால், இந்த ஆளுக்கு ஏதோ அவசரம் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். நான் சரியாக இருபத்திரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது போனேன். எதையும் நேரத்தோடு செய்துதான் எனக்குப் பழக்கம்.

மேடம், நேற்று இந்த வெள்ளைத் தாள்களை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "உங்க வார்த்தையிலயே எழுதுங்க சார், ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் எங்கள் பழைய காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர். விபத்துக்குள்ளான வண்டியைப் பார்த்து, யார் மீது தவறு என்று எழுதுவது உங்கள் வேலை. ஏழு மாதமாக எங்கள் கோப்பை மூடாமல் வைத்திருக்கிறீர்கள். அதற்காக எனக்கு உங்கள் மீது வருத்தமில்லை. என் வேலையிலும் நான் அப்படித்தான் இருந்தேன். ஒரு மாணவன் கிளட்சைச் சரியாக விடும்வரை அவனை அடுத்த பாடத்துக்கு நகர்த்த மாட்டேன்.

முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தினேன். என்னிடம் கற்றவர்களில் ஒருவர்கூட முதல் வருடத்தில் பெரிய விபத்தில் சிக்கியதில்லை. நானும் ஒருமுறைகூட கிளெய்ம் போட்டதில்லை. பள்ளியை மூடியபோது இரண்டு வண்டிகளை விற்றுவிட்டு, மூன்றாவதை வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொண்டேன். பயிற்சி வண்டியைச் சொந்த வண்டியாகப் பதிவு மாற்றும்போது, பயிற்சியாளர் இருக்கையின் பெடல்களைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிவிட்டதாக மெக்கானிக்கிடம் ஒரு தாள் வாங்கிக் கொடுத்தேன். பெடல்களைக் கழற்றவில்லை.

இதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஓட்டுகிறவரின் பெடலோடு ஒரு கம்பியால் அவை இணைந்திருக்கும். பயிற்சியாளர் தன் பிரேக்கை மிதித்தால், ஓட்டுகிறவரின் காலடியில் இருக்கும் பிரேக்கும் சேர்ந்து இறங்கும்.

ஏன் கழற்றவில்லை என்று கேட்டால், பழக்கம்தான். பக்கத்து இருக்கையில் வெறும் தரையில் கால் வைத்து உட்கார எனக்கு வராது. "இவருக்குக் காலுக்குக் கீழ பிரேக் இல்லன்னா சோறே இறங்காது. கல்யாணத்தன்னிக்கே என் காலை மிதிச்சவரு" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நன்றாகச் சிரிப்பாள். சிரிக்கும்போது தோள்கள் மட்டும் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும்.

விபத்தைப் பற்றி உங்கள் கோப்பில் இருப்பதெல்லாம் சரி. காலை பத்தேகால். ஆற்றுப் பாலம். மழை இல்லை, மூடுபனி இல்லை. என் மகள் ஓட்டினாள். நான் பக்கத்தில். என் மனைவி பின்னிருக்கையில், மகளின் பெட்டிக்கும் தலையணை மூட்டைக்கும் நடுவில். முன்னால் ஒரு வண்டிகூட இல்லாத பாலத்தில் எங்கள் வண்டி திடீரென்று நின்றது. பின்னால் வந்த லாரி மோதியது. லாரியின் கேமராவில் எங்கள் பிரேக் விளக்கு எரிவது தெரிகிறது. முன்னால் வெறும் பாலம் இருப்பதும் தெரிகிறது. என் மனைவி அங்கேயே போய்விட்டாள். லாரிக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர் இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்று நீங்கள். காரணமே இல்லாமல் நிறுத்தியவர் மீதுதான் தவறு என்று லாரியின் காப்பீட்டு நிறுவனம். கோப்பு மூடாததற்குக் காரணம் இதுதான்.

மருத்துவமனையில் இரண்டாம் நாள் நீங்கள் என் மகளிடம் வாக்குமூலம் வாங்கினீர்கள். நெற்றியில் தையல் போட்டிருந்தது. வேறு அடி இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதினீர்கள். "நான் பிரேக் பிடிக்கல. பெடல் தானா கீழ போச்சு." ஒரே வரி.

நான் அடுத்த கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்கவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் என்னிடமே கேட்டாள். அவளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், இருபத்தாறு வயதாகியும். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் கேட்டாள்.

"அப்பா, நீங்க அழுத்தினீங்களாப்பா?"

"நானா?" என்றேன்.

இல்லை என்று நான் சொல்லவில்லை, மேடம். அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் எந்த நாளும் சொல்லவில்லை. "நானா?" என்று மட்டும்தான் கேட்டேன். அவளாகவே தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல, கால்ல பெடல் இறங்கின மாதிரியே இருந்துச்சுப்பா, அதான்" என்றாள்.

"என்கிட்ட படிச்ச அத்தனை பேரும் அப்படித்தான் பாப்பா சொல்லியிருக்காங்க. பெடல் தானா கீழ போச்சு சார்னு. பயத்துல கால் செய்யறது மனசுக்குத் தெரியாது."

இதிலும் பொய் எதுவும் இல்லை. என் மாணவர்கள் எல்லாரும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் சொன்னார்கள் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

அவள் பிசியோதெரபிஸ்ட். உடம்பின் எந்த எலும்பு எதனால் நோகும் என்று கையால் தொட்டுச் சொல்லிவிடுவாள். எனக்கு வலது கணுக்காலில் ஒரு சின்ன விரிசல். மருத்துவமனையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள்தான் தினமும் மாலையில் தரையில் உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் வைத்து, மெல்ல மடக்கி நீட்டுவாள். ஒருநாள் கட்டைவிரல் ஓர் இடத்தில் நின்றது.

"பெடலை மிதிச்சிக்கிட்டிருக்கும்போது பின்னாலேருந்து இடிச்சா இங்கதான் விரிசல் விழும். புத்தகத்துல படம் போட்டிருப்பாங்க."

அவள் தன் பாதத்தைப் பார்த்தாள். இரண்டு பாதத்தையும் பார்த்தாள். பிறகு, "நீங்க பயத்துல தரையை உதைச்சிருப்பீங்க. பக்கத்துல உக்காந்திருக்கறவங்க எல்லாரும் உதைப்பாங்க. என்னாலதான உங்களுக்கு இந்த வலி" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கால் பிடித்தாள். அவளாகத்தான் இந்த முடிவுக்கு வந்தாள். நான் உதவி செய்யவில்லை.

மெக்கானிக்கிடம் போனது அதற்கு மறுநாள். நொறுங்கிய வண்டி அவர் பட்டறையில்தான் கிடந்தது. பள்ளி தொடங்கிய நாளிலிருந்து என் வண்டிகளைப் பார்த்தவர், என்னைவிட நாலு வயது சின்னவர். பெடல்களைக் கழற்றிவிடச் சொன்னேன். பாலிசியில் இல்லாத சாமானை வண்டியில் வைத்திருந்தால் நிறுவனம் கிளெய்மையே தள்ளிவிடும் என்று காரணமும் சொன்னேன். அது உண்மையான காரணம்தான்.

"அண்ணே, இது நான் மாட்டின பெடலு. கழட்டுன்னா கழட்டறேன். ஏன்னு கேக்க மாட்டேன். கேட்டா ஏதாவது சொல்லுவீங்க, அப்பறம் அதை நான் சுமக்கணும்."

"காரணம் சொன்னேனே."

"சொன்னீங்க, சொன்னீங்க" என்று வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். வெகு நேரம் ஸ்பானர் சத்தம் கேட்கவில்லை. சும்மா படுத்திருந்தார் போல.

அடுத்த வாரம் நீங்கள் இரண்டாம் முறை பட்டறைக்கு வந்தீர்கள். முதல் முறை நொறுங்கிய பின்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தீர்கள். பக்கத்து இருக்கையின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்து, "இந்த நாலு ஓட்டை எதுக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். "காத்தோட்டத்துக்கு மேடம், கோடைக்கு நல்லது" என்றாராம். நீங்களும் சிரித்தீர்களாம். ஆனால் நாலு ஓட்டைகளையும் தனித்தனியாகப் படம் எடுத்தீர்களாம். அவர் அன்று மாலையே போனில் சொன்னார். கடைசியில், "அண்ணே, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு ஒருநாள் வீட்டுக்கு வாங்க. அவளை ஒருதரம் பாக்கணும் போல இருக்கு" என்றார். நாங்கள் போகவில்லை.

அப்போதுதான் நிறுவனத்தை மாற்றலாம் என்று யோசித்தேன்.

ஓடாத வண்டிக்குக் காப்பீடு எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள். பதிவு இருக்கும்வரை காப்பீடு இருக்க வேண்டும், சட்டம் அப்படி. நான் போய்ச் சொல்லிவிட்டு வந்த பிறகு வீட்டுக்கு வந்த புதிய நிறுவனத்தின் முகவரும் இதையே கேட்டார். வாய் ஓயாத மனிதர். எங்கள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து படிவங்களைக் கடை பரப்பினார்.

"எழுந்து நடக்காத குதிரைக்கு லாடம் கட்டற ஒரே ஆளு நீங்கதான் சார். சரி, நமக்கென்ன. பழைய கிளெய்ம் ஏதாவது முடியாம இருக்கா?"

"இருக்கு."

"அது அவங்க தலைவலி. விபத்து நடந்த அன்னிக்கு யார்கிட்ட பாலிசி இருந்துச்சோ அவங்கதான் கடைசி வரைக்கும் பாக்கணும். நீங்க எங்க மாறினாலும் அது உங்க பின்னாடி வராது. ஆனா எங்க படிவத்துல மறைக்காம எழுதணும். ரெண்டே கேள்வி. யார் ஓட்டினாங்க, எப்படி ஆச்சு. அவ்வளவுதான்."

"யார் எழுதணும்?"

"ஓட்டினவங்க. கையால எழுதி, கையெழுத்து."

நான் எதிர்பார்த்தது இந்தப் பதிலை அல்ல. ஆனால் கேட்டவுடன் மனசுக்குள் ஏதோ சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. உங்கள் கோப்பைத் திறந்தால் முதல் தாளிலேயே அந்த வாக்கியம் இருக்கிறது. பெடல் தானா கீழ போச்சு. அதை என்னால் அழிக்க முடியாது. அந்த வாக்கியம் இல்லாத ஒரு கோப்பு எனக்கு வேண்டியிருந்தது. உலகத்தில் எங்காவது ஒரு அலமாரியில், எங்கள் வண்டியைப் பற்றிய ஒரு கோப்பு அந்த வாக்கியம் இல்லாமல் இருந்தால், இரண்டில் எது உண்மை என்ற கேள்விக்காவது இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். வயதான காலத்தில் மனிதன் எதையாவது பிடித்துக்கொள்கிறான்.

படிவத்தைப் பாப்பாவிடம் கொடுத்தேன். முகவர் எதிரில் இருந்தார். அவள் பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். முகவர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்.

"என்னப்பா எழுதறது?"

"உனக்குத் தெரிஞ்சதை எழுது."

"எனக்குத் தெரிஞ்சது தப்புன்னு நீங்கதானப்பா சொன்னீங்க."

"அப்ப சரியானதை எழுது."

எழுதினாள். 'நான் பயத்தில் காரணமில்லாமல் பிரேக்கை அழுத்திவிட்டேன். அதனால் விபத்து நடந்தது. அதில் என் அம்மா இறந்துபோனார்.' கடைசி வரியைப் படிவம் கேட்கவில்லை. அவளாகச் சேர்த்தாள். இறந்துபோனாள் என்று எழுதி, அடித்து, இறந்துபோனார் என்று மாற்றினாள். அலுவலகக் காகிதம் என்பதால் மரியாதை கொடுத்திருக்கிறாள். முகவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய், வாசல் கேட்டுவரை போன பிறகு திரும்பி வந்தார்.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். என் தொழிலில் முப்பத்தொரு வருடம் ஒரு கிளெய்ம்கூடப் போடாததால் வந்த தவறு. ஒரு நிறுவனம் புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது, அவர் எழுதியது சரிதானா என்று பழைய நிறுவனத்துக்கு ஒரு நகல் அனுப்பிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. கிளெய்ம் போட்டுப் பழகினவன் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். இரண்டு கோப்புகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. நீங்கள் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்.

நீங்கள் அவளிடம் பேசியபோது நான் உள்ளறையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"இதுல ஒண்ணுதான் சரியா இருக்க முடியும். எதும்மா சரி?"

"ரெண்டாவது, மேடம். நான்தான் அழுத்தினேன்."

"ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் வேற மாதிரி இருக்கு. ஆனா அது தப்பு. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமாம்."

"யார் சொன்னது?"

"அப்பா. அவங்க ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லிக் கொடுத்தவங்க மேடம். அவங்களுக்குத் தெரியும்."

நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். இந்தத் தாள் வெளியே போனால் லாரி நிறுவனம் அவள் மேல் வழக்குப் போடும், கவனக்குறைவால் உயிர் போனதற்குச் சிறை வரைக்கும் போகலாம், அவள் தொழில் உரிமமும் போய்விடும் என்று விளக்கினீர்கள். "பரவாயில்ல மேடம், போட்டும்" என்றாள். வீட்டுக்கு யாராவது வந்து, காபி கொஞ்சம் ஆறிவிட்டது என்று சொன்னால் எப்படிப் பரவாயில்லை என்போமோ, அப்படிச் சொன்னாள்.

நேற்றுவரை எனக்கு அந்த விஷயம் தெரியாது. சிறை என்ற பேச்சு என் கணக்கில் இல்லை. வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். ஒருவர் போய்விட்டால் இன்னொருவர் என்ன செய்வார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு வண்டி ஓட்ட நான்தான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். எட்டுப் பாடம் முடித்தாள். ஒன்பதாவது பாடத்தை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். "இன்னும் கை பழகல" என்று இரண்டு வருடம் சொன்னேன். கை நன்றாகவே பழகியிருந்தது. என்னிடம் கற்றவர்களில் அவ்வளவு மென்மையாக வண்டியை நகர்த்தியவர்கள் மிகக் குறைவு. ஆனால் உரிமம் கையில் வந்தால், வெளியூரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் அந்த வேலைக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். வண்டி ஓட்டத் தெரிந்தால்தான் அந்த வேலை.

கடைசியில் எனக்குத் தெரியாமல் வேறொரு பள்ளியில் சேர்ந்து உரிமம் வாங்கிவிட்டாள். கூட்டிப் போனது என் மனைவி. இருவரும் ஒருநாள் மாலை உரிமத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஊருக்கெல்லாம் உரிமம் வாங்கிக் குடுத்தவரு வீட்டுல, பொண்ணு மட்டும் பஸ்ஸுக்கு நிக்கணுமா?" என்றாள் என் மனைவி. நான் சாப்பிட்டு முடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

விபத்து நடந்த அன்று அவளை அந்த வேலையில் கொண்டுபோய் விடத்தான் போய்க்கொண்டிருந்தோம். ஓர் அறை பார்த்திருந்தாள். மாதம் ஒருமுறை வருவேன் என்றாள். பாலத்தில் ஏறும்போது மூன்றிலிருந்து நான்காவது கியருக்கு மாற்றினாள். வண்டிக்குத் தெரியாமல் மாற்றினாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு நன்றாக இருந்தது. நான் ஏதோ குறை சொன்னேன். என்ன குறை என்று இப்போது நினைவில்லை.

பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்: "அவ நல்லாத்தாங்க ஓட்டறா. நீங்க இல்லாம ஓட்டறான்னுதான் உங்களுக்குப் பொறுக்கல."

பாப்பா சிரித்தாள். அம்மாவின் சிரிப்பு அவளுக்கு. முதலில் தோள் குலுங்கும். பின்னால் என் மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தாள், பார்க்காமலே தெரிந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

என் பள்ளியின் ஒன்பதாவது பாடம் இதுதான். நன்றாக ஓட்டப் பழகி, கொஞ்சம் மிதப்பு வந்த மாணவனை, ஆளில்லாத சாலையில் கூட்டிப்போவேன். அவன் எதிர்பாராத நேரத்தில் என் பக்கத்துப் பிரேக்கை முழுதாக மிதிப்பேன். அவன் காலடியில் பெடல் தானாக இறங்கும். வண்டி நிற்கும். அவன் வெளிறிப்போய், "நான் ஒண்ணும் பண்ணல சார், பெடல் தானா கீழ போச்சு" என்பான். "நான்தான் மிதிச்சேன். ரோடு எப்ப வேணும்னாலும் நிக்கும், அதைக் கத்துக்க" என்பேன். இருவரும் சிரிப்போம். ஒவ்வொரு மாணவனிடமும், அடுத்த நொடியே, நான்தான் என்று சொல்லிவிடுவேன். பாப்பாவுக்கு அந்தப் பாடம் நடக்கவில்லை. அப்படி ஒரு பாடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அன்றைக்குப் பாலத்தில் அந்தப் பாடத்தை நடத்தினேன்.

அவள் ஒருமுறை வெளிறினால் போதும் என்று இருந்தது. "அப்பா, நீங்களே ஓட்டுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இடம் மாறி உட்கார்ந்து, வண்டியைத் திருப்பி, மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருப்போம். அவளைத் திட்டியிருக்கக்கூட மாட்டேன்.

பார்க்காமல் மிதித்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பின்னால் பார்க்காமல் நான் என் வாழ்நாளில் பிரேக்கை மிதித்ததில்லை. பயிற்சியாளருக்கென்று வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்த சிறிய பின்பார்வைக் கண்ணாடி அந்த வண்டியில் அப்படியே இருந்தது. அன்றைக்கும் பார்த்தேன். லாரி தெரிந்தது. நாலு வண்டி இடைவெளியில் வந்துகொண்டிருந்தது. அந்த வேகத்துக்கு அந்த இடைவெளி போதாது என்று என் மாணவன் யாரைக் கேட்டாலும் சொல்வான். எனக்கும் தெரிந்தது. கண்ணாடியில் லாரிக்கு முன்னால் என் மனைவியின் தலை தெரிந்தது. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். மிதித்தேன்.

இவ்வளவுதான். பிரேக்கை அழுத்தியது நான். என் மகள் அல்ல. லாரிக்காரர் மீதும் பெரிய தவறு இல்லை. அவரை வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், குடும்பம் இருக்கும். மருத்துவமனையில் என் மகள் சொன்ன அந்த ஒரு வரி, எழுத்துக்கு எழுத்து உண்மை. இரண்டாவது தாளை அவள் எழுதியது என் பேச்சைக் கேட்டு. மெக்கானிக் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கழற்றினார். பழைய நிறுவனத்தை விட்டு நான் வேறு இடத்துக்குப் போனதற்கும் வேறு காரணம் எதுவும் இல்லை.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தாள்களைப் பாப்பாவிடம் காட்ட வேண்டாம். வழக்கு அவள் மேல் வராது என்று மட்டும் சொல்லுங்கள். என்ன காரணம் என்று கேட்டால் சட்டத்தில் ஏதோ வழி இருந்தது என்று சொல்லிவிடுங்கள், நம்பிவிடுவாள். இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் நம்புகிறாள். அந்த ஊரிலிருந்து இரண்டுமுறை வேலைக்குக் கூப்பிட்டார்கள், வரவில்லை என்று அவளே எழுதிவிட்டாள். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது, அம்மாவும் இல்லை, அதுவும் என்னால்தான், என்று எழுதியிருந்தாள். நான் போகச் சொல்லித்தான் பார்த்தேன். காலையில் அம்மா எழுகிற நேரத்துக்கு எழுகிறாள். அம்மாவின் கண்ணாடி வளையலைப் போட்டுக்கொள்கிறாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை என்பதைத் தவிர, முன்புபோலத்தான் இருக்கிறது. உண்மை தெரிந்தால் அவளால் தாங்க முடியாது. அவளுக்காகத்தான் சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன். எட்டிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"என்னைப் பத்தித்தானப்பா எழுதறீங்க?"

"ஆமா பாப்பா."

"கோவமா எழுதுங்கப்பா. உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. நீங்க ஒருநாள்கூடக் கோவப்படல. அதான் எனக்கு முடியல."

அழுதாள். எழுந்து அவள் தலையில் கை வைத்தேன். சின்ன வயதில் வைப்பதுபோல. "எனக்கு உன் மேல ஒண்ணும் இல்ல, பாப்பா. எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றேன். என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, மேடம். அதையும் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளை மனதார மன்னித்துவிட்டேன்.